டைல்ஸ் ஒட்ட ஆள் வைக்கும் முன்: கூலிக் கணக்கை நீங்களே போடுவது எப்படி?

டைல்ஸ் வேலைக்கு விலை விசாரிக்கும்போது எல்லோர் வாயிலும் முதலில் வரும் கேள்வி, “சதுர அடிக்கு எவ்வளவு?” நானும் அப்படித்தான் கேட்டேன். மூன்று பேரிடம் கேட்டு, குறைவாகச் சொன்னவரிடம் வேலையைக் கொடுத்தேன். பாதி வேலை முடிந்திருந்தபோது, ஸ்கர்ட்டிங்குக்கு (சுவரின் அடியோரம் ஒட்டும் டைல் பட்டைக்கு) தனிக் கூலி என்றார். அப்புறம் பழைய தரையை உடைத்த இடிபாட்டை அள்ளத் தனி. கிரவுட் (டைல்களின் இடைவெளியை நிரப்பும் கலவை) அடிக்கத் தனி. கடைசியில் நான் கொடுத்த தொகை, “இவர் அதிகம் கேட்கிறார்” என்று ஒதுக்கிவிட்ட மேஸ்திரியின் தொகையையும் தாண்டிவிட்டது. வேலை செய்தவர் என்னை ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். தரைக்கு எவ்வளவு என்று கேட்டேன், தரைக்கு மட்டும் சொன்னார்.

சதுர அடி ரேட் மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். கீழே தளம் எப்படி இருக்கிறது, எத்தனை வெட்டு விழும், ஓரங்கள் எவ்வளவு நீளம், எதை வைத்து ஒட்டப் போகிறோம் என்பதெல்லாம் சேர்ந்துதான் கூலியைத் தீர்மானிக்கிறது. இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினால், வரும் விலை கிட்டத்தட்டக் கடைசி விலையாக இருக்கும்.

படி 1: அளவை நீங்களே எடுங்கள்

டேப்பை எடுத்து அறையின் நீளத்தையும் அகலத்தையும் இரண்டு இடங்களில் அளக்கவும். சுவர்கள் நேராக இருப்பதாக நினைத்துக்கொள்வோம், பெரும்பாலும் அப்படி இருக்காது. பெரிய அளவையே எழுதிக்கொள்ளுங்கள். அறையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் அறை கோணலாக இருக்கிறதா என்பது உடனே தெரியும். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால், ஒரு சுவரோரம் டைல்கள் சாய்வாக வெட்டப்பட வேண்டியிருக்கும்.

ஓர் உதாரணம் போடுவோம். அறை 11 அடிக்கு 13 அடி, பரப்பு 143 சதுர அடி. டைல் 2 அடிக்கு 2 அடி (600க்கு 600 மி.மீ.), ஒன்று 4 சதுர அடி. வகுத்தால் 36 டைல். உடைசலுக்கும் வெட்டுக்கும் 10 சதவீதம் சேர்த்தால் 40. சுற்றளவு 48 அடி, கதவுக்கு 3 அடி கழித்தால் ஸ்கர்ட்டிங் 45 ரன்னிங் அடி (நீளத்தை மட்டும் கணக்கிடும் அடி). 4 அங்குல உயர ஸ்கர்ட்டிங்கை இதே டைலில் வெட்டினால், பிளேடு தின்னும் அளவு போக, ஒரு டைலில் 5 துண்டு முழு உயரத்துக்குக் கிடைக்கும். 23 துண்டுக்கு 5 டைல். ஆக 45. பெட்டிக்கு 4 டைல் என்றால் 12 பெட்டி வாங்க வேண்டும், 3 டைல் மிஞ்சும். அந்த மூன்றும் பின்னால் உதவும்.

நேராகப் போடும் தரைக்கு 10 சதவீதம் போதும். குறுக்காகவோ மீன்முள் வடிவத்திலோ போட்டால் 15 சதவீதம் வைக்க வேண்டும், அறை சின்னதாக இருந்தால் அதற்கும் மேலே. கூலியும் அதே காரணத்தால் ஏறும், ஏனென்றால் ஓரத்தில் வரும் ஒவ்வொரு டைலும் சாய்வு வெட்டு.

இன்னொன்று: கதவு, ஜன்னல் இடத்தைக் கழித்து அளப்பதா, கழிக்காமலா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். சிறிய திறப்புகளைக் கழிக்காத மேஸ்திரிகள் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. ஜன்னலைச் சுற்றி வெட்டி ஒட்டுவது, வெறும் சுவரில் ஒட்டுவதைவிட நேரம் பிடிக்கும் வேலை.

படி 2: தளத்தைப் பாருங்கள், பணம் போவது அங்கேதான்

இதைப் பலரும் கவனிப்பதில்லை. டைலின் மேல்புறத்தைப் பார்த்துப் பார்த்து வாங்குவோம், அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டோம். ஆனால் நல்ல மேஸ்திரி வீட்டுக்குள் வந்ததும் முதலில் தரையைத்தான் பார்ப்பார்.

3 மீட்டர் நீளமுள்ள நேரான மட்டப்பலகையைத் தரையில் வைத்துப் பாருங்கள். பெரிய டைல்களுக்கு, பலகைக்கும் தரைக்கும் நடுவே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. அதற்கு மேல் மேடு பள்ளம் இருந்தால் ஒட்டும் முன் சமன் செய்ய வேண்டும். சமன் செய்யவும் பொருளும் கூலியும் ஆகும், ஒரு நாள் காயவும் வேண்டும். பல விலைச் சீட்டுகளில் இந்த வரி இருக்காது. “தரை மட்டமா இல்லைன்னா எப்படிச் செய்வீங்க, அது இந்த விலையில் அடங்குமா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பழைய டைல்ஸ் இருந்தால் இரண்டு வழி. உடைத்து எடுப்பது ஒன்று: உடைக்கும் கூலி, அள்ளும் கூலி, ஏற்றி அனுப்பும் செலவு, உடைத்த இடத்தைப் பூசும் செலவு என்று நான்கு வரி சேரும். பழைய டைலின் மேலேயே ஒட்டுவது இன்னொன்று. பழையது எங்கும் ஆடாமல், தட்டினால் டொக்கு சத்தம் வராமல் இருந்தால் இது சரியான வழி. அதற்கென்று இருக்கும் பசையைத்தான் பயன்படுத்த வேண்டும். தரை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரும், கதவுகளின் அடியை அறுக்க வேண்டி வரும், அடுத்த அறையோடு சேருமிடத்தில் சின்னப் படி விழும். அந்தத் தச்சு வேலைக்கான செலவையும் கணக்கில் சேர்த்துவிட்டு அப்புறம் எது மலிவு என்று முடிவெடுங்கள்.

புதிய கான்கிரீட் தளம் என்றால் அவசரப்பட வேண்டாம். கான்கிரீட் முழு வலுவை அடைய 28 நாள் என்பது வழக்கமான கணக்கு. காயும்போது அது சுருங்கும், மேலே ஒட்டிய டைல் அந்த இழுப்பைத் தாங்க வேண்டியிருக்கும்.

படி 3: டைலைத் தேர்ந்தெடுக்கும்போதே கூலியும் முடிவாகிறது

கடையில் டைல் விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிட்டு, அப்புறம் ஒட்டும் கூலி ஏன் இவ்வளவு என்று திகைப்பவர்கள் அதிகம்.

600க்கு 600 மி.மீ. விட்ரிஃபைடு டைல் (அதிகச் சூட்டில் சுட்டு இறுக்கியது) ஒன்று 7 கிலோவுக்கு மேல் இருக்கும். 600க்கு 1200 அதில் இரண்டு மடங்கு, சுவரில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். அதைவிடப் பெரிய பலகைகளுக்கு உறிஞ்சிப் பிடிக்கும் கைப்பிடியும் நீளமான வெட்டும் கருவியும் தேவை. அந்தக் கருவி வைத்திருப்பவரின் ரேட் வேறாகத்தான் இருக்கும். மொசைக் மாதிரிச் சின்ன டைலுக்கும் கூலி கூடும், ஏனென்றால் இணைப்புகள் அதிகம்.

இணைப்பு அதிகமானால் கிரவுட்டும் எகிறும். 600க்கு 600, 9 மி.மீ. தடிமன், 2 மி.மீ. இடைவெளி என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம் சிமென்ட் கிரவுட் போதும். 25 மி.மீ. சதுர மொசைக், 5 மி.மீ. தடிமன், அதே 2 மி.மீ. இடைவெளி என்றால் 1.3 கிலோவுக்கு மேல். சுமார் 13 மடங்கு! அத்தனையையும் தேய்த்துத் துடைப்பது ஒரு மனிதனின் கை.

மரப்பலகை போன்ற நீள டைல்களைச் செங்கல் வரிசை மாதிரி பாதிக்குப் பாதி தள்ளிப் போட ஆசைப்படுவோம். நீள டைல்கள் நடுவில் லேசாக வளைந்திருக்கும், அது சூளையில் வரும் இயல்பு. பாதிக்குப் பாதி வைத்தால் ஒன்றின் மேடான நடுப்பகுதி இன்னொன்றின் தாழ்ந்த முனையோடு சேர்ந்து காலில் தட்டும். அதனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளக் கூடாது. இதைத் தானாகவே உங்களிடம் சொல்லும் மேஸ்திரி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

வெளி மூலைகளில் 45 பாகை சாய்வாக இழைத்துச் சேர்ப்பது, படிக்கட்டு நுனியை உருட்டுவது, குழாய்க்கும் மின்பெட்டிக்கும் ஓட்டை போடுவது ஆகியவற்றுக்கு ரன்னிங் அடிக்கோ எண்ணிக்கைக்கோ தனிக் கூலி இருக்கும். சாய்வு இழைப்பு பார்க்க அழகு, ஆனால் நுனி மெலிந்து எளிதில் சிதறும். ஆட்கள் அடிக்கடி இடித்துப் போகும் மூலையில் உலோகப் பட்டை வைப்பதையே நான் விரும்புவேன், செலவும் பெரும்பாலும் குறைவு.

படி 4: சிமென்ட் கலவையா, பசையா?

விட்ரிஃபைடு டைல் தண்ணீரை 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது. சாதாரண சுவர் செராமிக் 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும். வெறும் சிமென்ட் பால் டைலின் நுண்துளைகளுக்குள் புகுந்துதான் பிடிக்கிறது. உறிஞ்சாத டைலில் அது புகுவதற்கு இடமில்லை. அதனால்தான் விட்ரிஃபைடு டைலைச் சுவரில் வெறும் சிமென்ட்டில் ஒட்டினால் சில வருடங்களில் கழன்று விழுகிறது. அதற்கு பாலிமர் கலந்த பசை வேண்டும். மூட்டைமேல் ஐஎஸ்ஓ 13007 தரப்படி சி-1, சி-2 என்று அச்சிட்டிருக்கும். சி-2 கூடுதல் பிடிப்பு உள்ளது. பெரிய விட்ரிஃபைடு டைலுக்கும் வெளிப்புறச் சுவருக்கும் சி-2தான் சரி.

செலவுக் கணக்கு இப்படி. பசை ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. தடிமனுக்கு, சுமார் ஒன்றரை கிலோ பிடிக்கும். 3 மி.மீ. படுகைக்கு (டைலுக்கு அடியில் பரப்பும் பசை அடுக்குக்கு) 20 கிலோ மூட்டை ஏறக்குறைய 48 சதுர அடி வரும். நமது 143 சதுர அடி அறைக்கு 3 மூட்டை. தரை மேடு பள்ளமாக இருந்து படுகை 6 மி.மீ. ஆனால் 6 மூட்டை. தளத்தைச் சமன் செய்யாமல் மிச்சம் பிடித்த பணம் இப்படிப் பசையில் கரைந்துவிடும்.

கலவையில் போட்டால் மூட்டைச் செலவு குறையும், மேடு பள்ளத்தையும் அதுவே சரிசெய்துவிடும். ஆனால் மணல் சலிக்க, கலக்க, மாடிக்குச் சுமக்க கூடுதல் ஆள் வேண்டும். தரையின் எடையும் உயரமும் கூடும். மட்டமான தளத்தில் பசை, மோசமான தளத்தில் தரைக்குக் கலவை என்பது பொதுவாகச் சிக்கனமான முடிவு. சுவருக்கு என் கருத்து ஒன்றே: பசை.

குளியலறையைத் தனியாகக் கணக்கிடுங்கள்

5 அடிக்கு 8 அடி குளியலறை என்றால் தரை வெறும் 40 சதுர அடி. சுவரை 7 அடி உயரத்துக்கு எடுத்தால் 26 அடி சுற்றளவுக்கு 182, கதவையும் ஜன்னலையும் கழித்தால் 160 சொச்சம். மொத்தம் 200 சதுர அடி. ஹாலிலும் 200 சதுர அடிதான் என்று ஒரே ரேட் பேச முடியாது. குளியலறையில் ஏறக்குறைய ஒவ்வொரு வரிசையிலும் வெட்டு, குழாய்களுக்கு ஓட்டை, தரையில் வாட்டம் என்று நாள் கணக்கு இரட்டிப்பாகலாம்.

டைலும் கிரவுட்டும் தண்ணீரைத் தடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம். தண்ணீரைத் தடுப்பது டைலுக்கு அடியில் பூசும் நீர்த்தடுப்புப் பூச்சு. தரை முழுக்கவும், சுவரில் ஷவர் நனைக்கும் உயரம் வரையும் அது வேண்டும். பூசிக் காய்ந்ததும் வடிகாலை அடைத்து, தண்ணீர் நிரப்பி, குறைந்தது 24 மணி நேரம் விட்டுக் கீழ்த்தளத்தில் கசிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டைலில் கை வைக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு நாள் வீணாகிறது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் கசிந்தால் டைலையே உடைக்க வேண்டும்.

வாட்டம் மீட்டருக்கு ஒன்றரை முதல் 2 சென்டிமீட்டர் வரை இருந்தால் தண்ணீர் தேங்காது. பெரிய டைலை நான்கு பக்கமும் வடிகாலை நோக்கிச் சாய்க்க முடியாது, அதனால்தான் குளியலறைத் தரைக்குச் சின்ன டைல் நல்லது. வழுக்கலும் குறையும்.

கிரவுட்டில் சிமென்ட் வகையும் எப்பாக்ஸி (பிசின்) வகையும் உண்டு. எப்பாக்ஸி பல மடங்கு விலை, கூலியும் அதிகம். இறுகுவதற்குள் துடைத்தாக வேண்டும், தவறவிட்டால் டைல்மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். வீடு முழுக்க அது தேவையில்லை. ஷவர் இடத்துக்கும் அடுப்புக்குப் பின்சுவருக்கும் போட்டால் கறை ஏறாது.

படி 5: எந்த முறையில் கூலி பேசுவது?

பரப்புக்கு இவ்வளவு என்பது பெரிய, எளிய அறைகளுக்குப் பொருந்தும். ஆனால் வேகமாக முடித்தால் லாபம் என்பதால் அவசரம் புகுந்துவிடும். நாள் கூலி பழுது வேலைக்கும், உடைத்துப் பார்த்தால்தான் தெரியும் வேலைக்கும் ஏற்றது. அதில் நீங்கள் கூடவே இருக்க வேண்டும், பொருள் வரத் தாமதமானாலும் அன்றைய கூலி உங்கள் பொறுப்பு. குளியலறைக்கு மொத்தத் தொகை பேசுவதே நல்லது, அதில் என்னென்ன அடங்கும் என்பதை எழுதிவைத்தால்.

படி 6: விலைகளை ஒரே தட்டில் வைத்துப் பாருங்கள்

ஒருவர் சதுர அடிக்கு 10 என்கிறார், இன்னொருவர் 13 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நமது அறைக்கு முதலாமவர் 1,430, இரண்டாமவர் 1,859. இப்போது முதலாமவரிடம் மீதியைக் கேட்கிறோம்: ஸ்கர்ட்டிங் ரன்னிங் அடிக்கு 6 என்று 270, கிரவுட் சதுர அடிக்கு 1 என்று 143, இடிபாடு அள்ள 200. கூட்டினால் 2,043. இரண்டாமவர் தன் 13க்குள்ளேயே எல்லாம் அடங்கும் என்கிறார். இப்போது அவர்தான் மலிவு.

அதனால் எல்லோரிடமும் ஒரே பட்டியலைக் கொடுத்து ஒவ்வொரு வரிக்கும் விலை வாங்குங்கள். பட்டியலில் இருக்க வேண்டியவை: பழையதை உடைத்தல், இடிபாடு அகற்றல், சமன் செய்தல், நீர்த்தடுப்பு, தரை, சுவர், ஸ்கர்ட்டிங், படி நுனி, மூலை இழைப்பு, ஓட்டைகள், கிரவுட், முடித்துச் சுத்தம் செய்தல். பெட்டிகளை மாடிக்கு ஏற்றுவது யார் என்பதையும் சேருங்கள். நமது ஓர் அறைக்கே 12 பெட்டி, 350 கிலோவுக்குப் பக்கம். ஸ்பேசர் (டைல்களுக்கு நடுவே சமமான இடைவெளிக்கு வைக்கும் சின்னத் துண்டு), மட்டம் பிடிக்கும் கிளிப், பிளேடு ஆகியவை யார் கணக்கு என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

மற்றவர்களைவிட மிகக் குறைவான விலை வந்தால், எதைச் செய்யாமல் அந்த விலை சாத்தியமாகிறது என்று யோசியுங்கள். பெரும்பாலும் அடிவேலைதான். டைலின் பின்னால் நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை பசை வைத்து அழுத்திவிடுவது வேகமான வழி. இடையில் காற்று நிற்கும். அந்த இடத்தில் கனமான பாத்திரம் விழுந்தால் டைல் உடையும், ஈரமான இடத்தில் அந்தக் காலி இடமெல்லாம் தண்ணீர் தேங்கும். உலர்ந்த இடத்தில் டைலின் அடிப்பரப்பில் 80 சதவீதமாவது, ஈரமான இடத்திலும் வெளிப்புறத்திலும் 95 சதவீதம் பசை பட்டிருக்க வேண்டும்.

படி 7: அவர் செய்த வேலையை நேரில் பாருங்கள்

போனில் வரும் படங்கள் போதாது. அவர் முடித்துக் கொடுத்த ஒரு வீட்டுக்குப் போங்கள், முடிந்தால் ஒரு வருடம் பழைய வேலையாக. நடு ஹாலைப் பார்க்காதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் நன்றாகப் போட்டுவிடலாம். வடிகாலைச் சுற்றியும் கதவு நிலையின் ஓரத்திலும் குழாய் வரும் இடத்திலும் குனிந்து பாருங்கள். சுவரோரம் விரல் அகலத் துண்டுகள் இருந்தால், தொடங்கும் முன் அவர் அறையைப் பங்கிட்டுப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒரு நாணயத்தை இணைப்புகளின் குறுக்கே நகர்த்தினால் மேடு தட்டுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அந்த வீட்டுக்காரரிடம் “எப்படி வேலை?” என்று கேட்பதைவிட, “முதலில் சொன்ன தொகையும் கடைசியில் கொடுத்த தொகையும் ஒன்றா?” என்று கேளுங்கள்.

படி 8: எழுதிக்கொண்டு தொடங்குங்கள்

ஒரு பக்கத் தாள் போதும். பட்டியல், விலை, நாள் கணக்கு, எந்தப் பசை, எந்தக் கிரவுட், உடைந்தால் யார் பொறுப்பு. பணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள்: தொடங்கும்போது சிறு முன்பணம், பரப்புக்கு ஏற்ப நடுவில், 10 சதவீதமாவது எல்லாம் முடிந்து பார்த்த பிறகு. ஒத்துக்கொண்ட தொகையை அந்தந்த நாளில் கொடுத்துவிடுவதும் நம் கடமை. அவரும் உதவியாளருக்கு அன்றன்று கூலி கொடுக்கிறவர்.

குழாய், மின் வேலை முடியாமல் டைல்ஸ் ஆளை வரவழைக்காதீர்கள். ஒட்டிய சுவரை உடைத்துக் குழாய் பதிப்பதைப்போல் வீண்செலவு வேறில்லை.

படி 9: வேலை நடக்கும்போது

பெட்டிகள் வந்ததும் எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண்ணும் (ஒரே தடவையில் தயாரான தொகுப்பின் எண்) ஒரே ஷேடும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பெயருள்ள டைல் வேறு பேட்சில் சற்றே வேறு நிறமாக இருக்கும், அளவிலும் நூலளவு மாறும். ஒட்டிய பிறகு கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.

முதல் வரிசையைப் பசையில்லாமல் அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதல் நாளில் நடுவே ஒருமுறை, ஒட்டிய டைல் ஒன்றைக் கழற்றி அடியில் பசை எவ்வளவு பட்டிருக்கிறது என்று அவரையே காட்டச் சொல்லலாம். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். சுவரோரம் 5 மி.மீ. அளவு இடைவெளி விட்டிருக்க வேண்டும். ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும், வெயில் காலத்தில் தரை விரிய அந்த இடம் வேண்டும்.

வெட்டும்போது தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள். உலர் வெட்டில் பறக்கும் தூசியில் சிலிகா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்ற தீராத நோயைத் தரும். வெட்டுகிறவர் அதை நாள் முழுக்க, வருடக்கணக்கில் சுவாசிக்கிறார். முகக்கவசத்துக்கும் தண்ணீர் வசதிக்கும் ஆகும் சின்னச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒட்டிய அன்றே கிரவுட் அடிக்க விடாதீர்கள், அதன்மேல் நடக்கவும் வேண்டாம். சாதாரணப் பசைக்கு 24 மணி நேரம் கொடுங்கள்.

படி 10: கடைசித் தவணைக்கு முன்

ஒரு மரக்கட்டையையோ நாணயத்தையோ எடுத்துக்கொண்டு டைல் டைலாகத் தட்டுங்கள். டொக்கு என்று கேட்கும் இடத்தில் பென்சிலால் குறியிடுங்கள். மூலையில் சின்னதாக ஒன்றிரண்டு இருந்தால் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. நடுவில், ஆட்கள் நடக்கும் வழியில் இருந்தால் மாற்றித்தர வேண்டும். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். மாலையில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் சுவரில் துருத்தும் விளிம்பெல்லாம் நிழலாகத் தெரியும். பட்டியலைக் கொடுத்து, சரிசெய்த பிறகு மீதித் தொகையைக் கொடுங்கள்.

மிஞ்சிய டைல்களை யாருக்கும் கொடுத்துவிடாமல், பெட்டியோடு பரண்மேல் வையுங்கள். பெட்டியின்மேல் பேட்ச் எண், கிரவுட்டின் நிறம், வேலை முடிந்த தேதி, மேஸ்திரியின் போன் எண் நான்கையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.